துறையும் துணையும்

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் வடுகபட்டி. அவ்வூரின் பூண்டுச் சந்தை புகழ் பெற்றது. கோடைக்கானல் மலைச் சிற்றூர்களில் விளையும் பூண்டு மூட்டை மூட்டையாக அச்சந்தைக்கு வந்து சேர்கிறது. அதனை வாங்குவதற்கு வெளியூர் வணிகரும் வருகின்றனர். பூண்டு விளைவது மலையின்மேல், விலையாவது வடுகபட்டியில். சுற்றிலும் பெரிய ஊர்கள் பல இருக்க, உழவர் இவ்வூரையே தேடி வருவது ஏன்?

சற்றே எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். விற்போர் வருவதனால் வாங்குவோர் வருகின்றனர். வாங்குவோர் வருவதனால் விற்போர் வருகின்றனர். எடை போடுவோர், மூட்டை சுமப்போர், தரகர், வண்டிக்காரர் ஆகிய அனைவரும் அங்கே இருக்கின்றனர். முதன்முறையாக மூட்டையோடு வந்து இறங்கும் உழவனுக்கும், அவன் ஊரார் வாயிலாகப் பெயர் அறிந்த ஒருவர் அங்கே இருப்பார். செல்வதற்கு வழி, ஏறுவதற்கு வண்டி, சென்ற இடத்தில் அறிந்த முகம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தையே மனிதன் நாடுகின்றான்.

பண்டங்கள் சந்தையைத் தேடிச் செல்வதுபோலப் பிழைப்பைத் தேடிய மக்கள் துறைமுகத்தைத் தேடிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் கடல் கடந்து சென்றனர். அவர்கள் எந்தத் துறைகளின் வழியாகச் சென்றனர்? அத்துறைகளைத் தேர்ந்தது ஏன்? சென்ற இடத்தில் அவர்களுக்குத் துணை நின்றவர் யாவர்? அத்துணை உண்மையில் துணையாகவே இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஊரை விட்டவர்

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. கெட்டவர்க்குப் பட்டணமே புகலிடம் என்பது அதன் கருத்து. ஆனால், பட்டணங்களும் கைவிட்ட காலம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் கூறுவர். மழை பொய்த்தது, கிணறு வறண்டது, மாடு மடிந்தது, மக்களும் மடிந்தனர். அக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பாயத் தொடங்கியது 1895ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு வானத்தையே நம்பியிருந்த நிலங்கள் பல.

நிலம் உடையவர் நிலத்தை அடகு வைத்தனர். நிலம் இல்லாதவர்க்கு அடகு வைக்க உடல் உழைப்பு ஒன்றே இருந்தது. அவர்கள் ஊரை விட்டனர். பள்ளத்தாக்கின் மக்களுட் பலர் போடி மெட்டு, குமுளி முதலிய மலைவழிகளில் ஏறித் திருவிதாங்கூர் மலைநாட்டின் ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். அவர்களுக்குக் கணவாய்களே துறைமுகங்கள் எனலாம். வேறு பலர் கீழ்த்திசை நோக்கிக் கடற்கரையை அடைந்தனர்.

ஊர் மாறிக் குடியேறுதல் நமக்குப் புதிதன்று. 'வடுகர்' என்பது வடக்கிலிருந்து வந்த தெலுங்கு மொழியினரைக் குறிக்கும் பழஞ்சொல். வடுகபட்டி என்னும் பெயரே, என்றோ ஒரு நாள் வெளியிலிருந்து வந்து வேரூன்றியவர்களை நினைவூட்டுவதாக உள்ளது. வந்தவரும் சென்றவரும் கலந்து ஆனதே நம் நாடு.

உலகெங்கும் ஒரு முறை

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஏழை மக்கள் கோடிக்கணக்கில் அமெரிக்காவுக்குச் சென்றனர். அவர்கள் துறைமுகத்தைத் தேர்ந்த முறை சிந்திக்கத் தக்கது. கனடா நாட்டிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள் வெறுமையாகத் திரும்ப விரும்பவில்லை. ஆதலின், அயர்லாந்து மக்களைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் சென்று கியூபெக் துறையில் இறக்கின. அமெரிக்கப் பருத்தியை இறக்கிய கப்பல்கள் இலிவர்ப்பூல் துறையிலிருந்தும், புகையிலையை இறக்கிய கப்பல்கள் செருமனியின் பிரேமன் துறையிலிருந்தும் மக்களை ஏற்றிச் சென்றன. சரக்கு வந்த வழியே மக்கள் சென்ற வழியாயிற்று.

நியூயார்க் துறையில் இறங்கியவர்களை எதிர்கொண்டவர் யாவர்? அவர்தம் தாய்மொழியிலேயே இனிமையாகப் பேசி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, விடுதிக்கு அழைத்துச் சென்ற தரகர்களே. விடுதிக் கட்டணம் மும்மடங்காகும். புகைவண்டிச் சீட்டு பொய்ச் சீட்டாகும். இவர்களிடமிருந்து புதியவர்களைக் காப்பதற்காகவே 1855ஆம் ஆண்டில் காசில் கார்டன் என்னும் இடத்தில் அரசு ஒரு வரவேற்பு நிலையத்தை அமைத்தது. 1892ஆம் ஆண்டில் எல்லிஸ் தீவில் பெரிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. செருமானியர் 1784ஆம் ஆண்டிலும், அயர்லாந்தினர் 1841ஆம் ஆண்டிலும் தத்தம் நாட்டவர்க்கு உதவச் சங்கங்கள் நிறுவினர். ஒரே மொழி பேசுவோருள் ஏமாற்றியவரும் இருந்தனர், காத்தவரும் இருந்தனர். இதனை மனத்திற் கொண்டு நம் மக்களின் வரலாற்றைக் காண்போம்.

குறுகிய கடலும் நெடிய காடும்

தமிழ்நாட்டுக்கு மிக அண்மையில் உள்ள அயல்நாடு இலங்கை. அங்கே ஆங்கிலேயர் மலைக்காடுகளை அழித்துக் காப்பித் தோட்டங்கள் அமைத்தனர். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. பருவம் முடிந்ததும் அவை தேவைப்படவில்லை. ஆகவே, தமிழ்த் தொழிலாளர் பருவந்தோறும் சென்று, பறித்து, ஊதியத்தோடு ஊர் திரும்பினர். இவ்வாறு ஆண்டுதோறும் போய் வருவோர்க்குக் குறைந்த செலவில் கடக்கக் கூடிய குறுகிய கடலே ஏற்றது. இராமேசுவரம், பாம்பன் பக்கத்திலிருந்து தோணியில் ஏறினால் மன்னார்க் கரையை எளிதில் அடையலாம். எனவே அவ்வழியையே அவர்கள் நாடினர்.

கடல் குறுகியது, ஆனால், அதன் அப்பால் இருந்த காடு நெடியது. மன்னாரிலிருந்து மாத்தளை, கண்டி மலைகளை அடைய ஏறத்தாழ 150 மைல் நடக்க வேண்டும். வழியிற் குடிநீர் அரிது. காய்ச்சலும் வாந்திபேதியும் மிகுதி. நடக்க இயலாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர். ஊர் திரும்பாதவர் எத்தனையோ பேர். கையில் காசில்லாத ஏழை கடலின் தொலைவை மட்டுமே கணக்கிட முடிந்தது. காட்டின் தொலைவைக் கால்கள் கணக்கிட்டன.

1869ஆம் ஆண்டு முதல் காப்பிச் செடியின் இலையை ஒரு நோய் பற்றியது. சில ஆண்டுகளிற் காப்பித் தொழில் அழிந்தது. அதற்குமுன் 1867ஆம் ஆண்டிலேயே சேமிசு தெயிலர் என்பவர் இலங்கையில் தேயிலைத் தோட்டம் அமைத்திருந்தார். காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. இம்மாற்றம் செடியின் மாற்றம் மட்டுமன்று. மக்களின் வாழ்க்கை மாற்றமும் ஆகும். தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறித்தாக வேண்டும். ஆகவே, பருவத்துக்கு வந்து திரும்பிய ஆடவருக்கு மாறாக, மனைவி மக்களோடு குடும்பங்கள் சென்று தங்கின. போய் வரும் வழி என்றிருந்தது குடியேறும் வழி ஆயிற்று.

புகைவண்டியும் வழியை மாற்றியது. 1876ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பலிற் கொழும்புக்குச் செல்வோர் பெருகினர். 1902ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து மண்டபத்துக்கும், 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலத்தின் வழியே தனுஷ்கோடிக்கும் பாதை அமைந்தது. அவ்வாண்டு முதல் தனுஷ்கோடியிற் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கே காத்திருக்கும் புகைவண்டியில் மலைநாட்டை நோக்கிச் செல்லலாயினர். வடுகபட்டிப் பக்கத்து மனிதர் ஒருவர் சென்றிருப்பின், மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் நிலையத்தை அடைந்து, மதுரையில் வண்டி மாறி, மண்டபம் சென்றிருப்பார். போடிநாயக்கனூர்ப் பாதை 1928ஆம் ஆண்டில் அமைந்தபின், அவரது பயணத்தின் முதற்பகுதியும் எளிதாயிற்று. இவ்வாறு துறையைத் தேர்ந்தவர் அவரல்லர். இருப்புப்பாதையே அவருக்காகத் தேர்ந்தது எனினும் பொருந்தும்.

நாகையும் பினாங்கும்

மலாயா நாட்டுக்குச் சென்றோர் பெரும்பாலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினர். நாகப்பட்டினம் கிழக்கு நாடுகளின் வாயிலாக விளங்கியது நேற்று இன்றன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில் கடாரத்து அரசன் அங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். பிற்காலத்தில் நாகூர், நாகப்பட்டினம் பகுதிகளின் தமிழ் முசுலிம் வணிகர் துணிகளை ஏற்றிச் சென்று, பினாங்கிலிருந்து பாக்கு முதலியவற்றைக் கொண்டுவந்தனர். மலாய் மொழியில் பினாங்கு என்னும் சொல்லே பாக்கைக் குறிக்கும். ஐரோப்பாவிற் கண்டதுபோல, இங்கும் சரக்கின் வழியே மனிதனின் வழியாயிற்று.

1861ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. பின்பு அப்பாதை திருச்சிராப்பள்ளிவரை நீண்டது. உள்நாட்டு மக்கள் ஒரே நாளிற் கடற்கரையை அடைய முடிந்தது. கப்பல் கரையை அணுகாது. தொலைவில் நங்கூரம் இட்டு நிற்கும். படகிற் சென்று ஏற வேண்டும். ஏழைகள் கப்பலின் தளத்திற் பாய் விரித்து, ஐந்தாறு நாள் வெயிலையும் அலையையும் தாங்கிப் பயணம் செய்தனர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இராஜுலா என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வழியில் ஓடியது. அதன் பெயரை அறியாத குடும்பம் மலாயாத் தமிழரிடையே அரிது. பினாங்கை அடைந்ததும் நேரே ஊருக்குள் செல்ல இயலாது. செரெசா என்னும் சிறு தீவிற் சில நாள் தங்கவைத்து, தொற்றுநோய் இல்லை என்று கண்ட பின்னரே விடுவர்.

சட்டம் குறித்த துறைகள்

இன்னும் தொலைவான நாடுகளுக்குச் சென்றோர் வேறொரு முறையிற் சென்றனர். ஆங்கிலேயப் பேரரசில் அடிமை முறை 1834ஆம் ஆண்டில் ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மாற்றாக ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். ஐந்தாண்டு உழைப்பதாகக் கைந்நாட்டு இட்டவர்களை மொரீசியசு, நேட்டால், பீசி முதலிய இடங்களுக்கு அனுப்பினர். இவர்களை அரசு அனுமதித்த துறைமுகங்களின் வழியாக மட்டுமே அனுப்ப முடியும். தமிழர்க்கு அத்துறை பெரிதும் சென்னையே. 1860ஆம் ஆண்டில் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. பிரெஞ்சுக்காரர் தம் ஆட்சியிலிருந்த காரைக்கால், புதுச்சேரி ஆகிய துறைகளின் வழியே ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழரை அனுப்பினர். தஞ்சை உழவன் ஒருவன் காரைக்காலிற் கப்பல் ஏறினால் அவன் பேரன் பிரெஞ்சு பேசுவான். நாகப்பட்டினத்தில் ஏறினால் மலாய் பேசுவான். இரண்டு துறைகளுக்கும் இடையே உள்ள தொலைவோ சில மைல்தான்! ஒரு குடும்பத்தின் பல தலைமுறை வாழ்வு, ஒரு நாள் எடுத்து வைத்த அடியைப் பொறுத்து அமைந்தது.

கங்காணி

துறைகளைக் கண்டோம், இனித் துணைகளைக் காண்போம்.

இலங்கைக்குச் சென்ற தொழிலாளிக்கு முதல் துணை கங்காணி. அவர் பெரும்பாலும் அவனது ஊரையோ அடுத்த ஊரையோ சேர்ந்தவர், உறவினராகவும் இருப்பார். முன்பே தோட்டத்தில் வேலை பார்த்தவர். நல்ல உடை உடுத்து ஊருக்கு வருவார். வீட்டாரின் கடனை அடைக்க முன்பணம் தருவார். வண்டிச் செலவு, கப்பற் செலவு, வழிச்சோறு ஆகிய அனைத்தையும் ஏற்பார். அறியாத நாட்டில் அறிந்த முகம் அவர் ஒருவரே. காட்டு வழியில் அவரே வழிகாட்டி. தோட்டத்தில் அவரே மொழிபெயர்ப்பாளர். நோயுற்றால் அவரே மருந்து கேட்டு வாங்கித் தருபவர். திருமணத்துக்கும் சாவுக்கும் அவரே முன்னிற்பவர்.

ஆயினும், அவர் செலவிட்ட ஒவ்வொரு காசும் தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறியது. அவனை வேலைக்கு அழைத்து வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு என ஒரு தொகை கிடைத்தது. ஆகவே, தன் ஆட்கள் விலகிச் செல்லாமை அவருக்கு ஆதாயமாயிற்று. கடன் தீர்ந்தால் தொழிலாளி விலகலாம். ஆனால், அக்கடன் தீருவது அரிது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அக்கணக்கைப் பார்க்கவும் வழியில்லை.

தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். இவ்வளவு கடனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை அதில் எழுதித் தருவார். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார். மனிதன் விற்கப்படவில்லை, அவனது கடன் மட்டுமே கைமாறியது என்பர். ஆனால், கடன் சென்ற இடத்துக்கெல்லாம் மனிதனும் சென்றான்! கைப்பிடித்து அழைத்துச் சென்ற கை, பின்பு கையைப் பிடித்துக்கொண்ட கை ஆயிற்று.

கங்காணிகள் அனைவரும் கொடியவர் என்று கருதுதல் தவறு. தம் மக்களுக்காகத் துரையிடம் வாதாடியவரும் அவருள் உண்டு. குறை மனிதரிடம் மட்டும் இருந்ததன்று. துணையையும் கடனையும் ஒரே கையிற் கொடுத்த முறையில் இருந்தது.

கோயிலும் கிட்டங்கியும்

கடனில்லாத துணையும் இருந்தது. 1819ஆம் ஆண்டில் இராபிள்சுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் அங்கே செங்கற்சூளை அமைத்தார்; வணிகம் செய்து உயர்ந்தார். அவர் முயற்சியால் 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் ஓலையாலும் மாரியம்மன் கோயில் ஒன்று எழுந்தது. அது வழிபாட்டிடம் மட்டுமன்று. கப்பலிலிருந்து இறங்கிய தமிழர், வேலையும் வீடும் கிடைக்கும்வரை அதில் தங்கினர். தமிழ் முசுலிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பள்ளிவாசல்களையும், நாகூர் ஆண்டவர் பெயரால் தர்காக்களையும் எழுப்பினர். அன்னிய நாட்டின் தெருவில், தம் ஊரின் பெயரைக் கேட்டவர் உள்ளம் எத்துணை ஆறுதல் பெற்றிருக்கும்!

நகரத்தார் தம் வணிகர்க்குக் 'கிட்டங்கி' என்னும் கட்டடங்களை அமைத்தனர். நீண்ட கூடம், அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மூலை, ஒரு பெட்டகம், கணக்கெழுத ஒரு சாய்வுப் பெட்டி. பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. ஊரிலிருந்து வந்த பெட்டியடிப் பையன், மேலாளிடமும் அடுத்தாளிடமும் கணக்கும் ஒழுக்கமும் கற்றான். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினான். செல்வமும் கல்வியும் உடையோர்க்குத் தம்முள் ஒருவர்க்கொருவர் துணையாதல் எளிது. கூலியாகச் சென்றவர்க்கோ அத்தகைய கூடம் இல்லை. நீண்ட வரிசையாகக் கட்டப்பட்ட சிறு அறைகளே அவர்கள் பெற்றவை.

சட்டமும் சங்கமும்

ஏழைக்குத் துணை நிற்க வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு என்னும் எண்ணம் மெல்ல வளர்ந்தது. மலாயாவில் 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு அமர்த்திய முதலாளி ஒவ்வொருவரும் அதற்குப் பணம் செலுத்த வேண்டும். அந்நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஆகவே, தொழிலாளி கரை இறங்கும்போது அவன் தலையிற் பயணக் கடன் இல்லை. இது சிறிய மாற்றம்போலத் தோன்றும். ஆனால், கடனோடு இறங்குபவனுக்கும் கடனின்றி இறங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இலங்கையில் பொன்னம்பலம் அருணாசலம், பெரி. சுந்தரம் முதலியோர் 1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நல உரிமைக் கழகம் ஒன்றை நிறுவித் துண்டு முறையை எதிர்த்தனர். 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. 1922ஆம் ஆண்டில் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கங்காணி உரிமம் பெற வேண்டும் என்றும், அவர் அழைத்துச் செல்பவர் விருப்பத்தோடு செல்கின்றாரா என்பதை அதிகாரிகள் அறிய வேண்டும் என்றும் விதிகள் ஏற்பட்டன. இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் தொழிலாளர் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, மருத்துவ ஆய்வுக்குப் பின் அனுப்பப்பட்டனர். தஞ்சாவூரில் பிறந்து இலங்கை சென்ற கோ. நடேசய்யர் செய்தித்தாள் நடத்தினார்; 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளரிடையே பாடல்கள் வாயிலாக விழிப்பை ஊட்டினார்.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. 1894ஆம் ஆண்டில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளியால் அடியுண்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய் இளம் வழக்கறிஞரான காந்தியடிகளிடம் வந்தார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்றி நிற்பது அந்நாட்டிற் கூலிகளுக்கு வழக்கமாயிருந்தது. காந்தியடிகள் முதலில் அதனைத் தலையில் அணியச் சொன்னார். பின்பு மருத்துவரிடம் அனுப்பினார். அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றுவித்தார். வழக்குக்கு முன்பே மதிப்பைத் திருப்பிக் கொடுத்த அச்செயல், துணை என்பது யாது என்பதை நமக்குக் கற்பிக்கிறது.

திரும்பிய கப்பல்

காலம் மாறியது. 1938ஆம் ஆண்டில் மலாயாவுக்கும் 1939ஆம் ஆண்டில் இலங்கைக்கும் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. இலங்கை 1948ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பலர் நாடற்றவர் ஆயினர். மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்க்குச் சொந்த நாடு இல்லை என்றாயிற்று.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டில் முடிவாயிற்று. உடன்பாடு ஏற்பட்ட இரண்டு திங்களுக்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவிற் கடும்புயல் வீசித் தனுஷ்கோடியை அழித்தது. முன்னோர் கப்பல் ஏறிய துறை, பேரர் திரும்பும்போது இல்லை! அவர்கள் 'இராமானுஜம்' என்னும் கப்பலில் வந்து இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாம் அவர்களை ஏற்றது. வெளியே செல்வோர்க்காக ஏற்பட்ட முகாம், திரும்பி வருவோரின் முகாம் ஆயிற்று. பின்னர் 1980களிலிருந்து, போரினால் வந்த இலங்கைத் தமிழ் ஏதிலியர்க்கும் அதுவே புகலிடம் ஆயிற்று.

திரும்பியவர்க்குத் துணை யார்? கையில் ஒரு முகவரி இருந்தது. அம்முகவரியில் அறிந்தவர் இல்லை. பாட்டன் விட்டுச்சென்ற ஊரில் பேரன் அயலான் ஆனான். அவர்கள் பேசிய தமிழும் சிலர்க்குப் புதுமையாக இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டு முதல் நீலகிரி மலையில் அவர்களுக்காகவே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அறிந்த தொழிலே அவர்களுக்கு அறிந்த முகம் ஆயிற்று. இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அங்கே 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

நாம் அறிவது

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன இரண்டு. முதலாவது: ஏழைக் குடிபெயர்ந்தோன் துறைமுகத்தை நிலப்படத்தைப் பார்த்துத் தேர்வதில்லை. சரக்குக் கப்பல் எங்கே வருகிறது, புகைவண்டி எங்கே முடிகிறது, சட்டம் எதனைத் திறந்து வைத்துள்ளது, அறிந்தவன் எங்கே நிற்கின்றான் ஆகிய நான்கும் சேர்ந்து அவனுக்கு வழியை வகுக்கின்றன.

இரண்டாவது: துணை நிற்போர் யாவரும் ஒரே தன்மையர் அல்லர். தன்மொழி பேசுகின்றார், தன் ஊரார் என்பதனால் மட்டும் ஒருவர் துணைவர் ஆகிவிடுவதில்லை. நம் உதவியைப் பெற்றவன், நாளை நம்மை விட்டு விலகி நடக்க முடிகிறதா என்பதே உரைகல். விலக முடியுமாயின் அது துணை; முடியாதாயின் அது தளை.

இன்று தமிழ்நாட்டின் புகைவண்டி நிலையங்களில், வடமாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் மூட்டையோடு இறங்குவதைக் காண்கிறோம். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர் ஒருவரையே நம்பி நிற்கின்றனர். மண்டபத்திலும் நாகையிலும் நின்ற நம் முன்னோரின் நிலையும் இதுவே. அவர்களிடம் வழி சொல்லுதல், எழுதப்பட்ட கணக்கைப் படித்துக் காட்டுதல், மதிப்போடு பேசுதல் ஆகியன பெருஞ்செலவு உடையன அல்ல.

மீண்டும் வடுகபட்டிச் சந்தையை நினைப்போம். மலையிலிருந்து ஓர் உழவன் முதன்முறையாக மூட்டையை இறக்குகின்றான். முன்பணத்தைக் கொடுத்து, வேறிடத்தில் விற்க முடியாதபடி அவனைக் கட்டிவைப்பவர் உண்டு. நேர்மையாக எடை போட்டு, அன்றைய விலையை அன்றே கொடுத்து, அவன் விரும்பிய வழியே செல்ல விடுபவரும் உண்டு. அவ்வுழவன் அடுத்த முறை யாரைத் தானாகத் தேடி வருவான் என்பதை மாணவர்களே உய்த்துணர்வார்களாக.